பெயர் இருக்கிறது, ரகம் இருக்கிறதா? பழைய விதைகளை மீட்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஏதாவது ஓர் இயற்கை அங்காடிக்குள் நுழைந்து பாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, காட்டுயானம் என்று ஓர் அலமாரி முழுக்கப் பழைய பெயர்கள் அடுக்கியிருக்கும். பெயரைப் படித்ததுமே பெரியவர்களுக்கு முகம் மலரும். பழைய சோற்றின் மணமும் தை மாதத்துப் புத்தரிசியும் நினைவுக்கு வரும். அந்த ஏக்கத்தில் தவறே இல்லை. அது இல்லாவிட்டால் இந்த ரகங்களில் பலவற்றை யாரும் தேடிப் போயிருக்கவே மாட்டார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். விதைத் திருவிழாவில் ஒரு கைப்பிடி நெல் வாங்கி வந்தவர், இரண்டாம் வருடம் தன் வயலில் மூன்று உயரத்தில் கதிர் நிற்பதைப் பார்க்கிறார். "போலி விதையைக் கொடுத்துட்டாங்க" என்று முடிவு கட்டிவிடுகிறார். பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். வாங்கி வைத்தால் விதை அப்படியே இருக்கும் என்ற எண்ணம்தான் அவரை ஏமாற்றியது.

இந்தப் பேச்சில் இன்னும் சில குழப்பங்கள் உண்டு. பழைய ரகம் என்றால் கலப்பே இல்லாதது என்பார்கள். "ஒட்டு" என்ற சொல் காதில் விழுந்தாலே மரபணு மாற்றிய பயிர் என்று பயப்படுவார்கள். பெயர் திரும்பி வந்துவிட்டால் ரகமும் வந்துவிட்டது என்று நம்புவார்கள். மூன்றுமே தவறு. ஏன் தவறு என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

உறைமோரும் விதையும்

வீட்டுத் தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் உறை ஊற்றுகிறோம். பால் புதியது, பானையும் மாறலாம். ஆனாலும் தயிரின் ருசி தொடர்ந்து வருவது அந்த ஒரு கரண்டியில் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தால். அதில் ஒரே வகை உயிர் இல்லை, பல வகைகள் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்திருக்கும். ஒருநாள் உறை தீர்ந்துபோய்க் கடைத் தயிரை ஊற்றினால், பானையும் பெயரும் பழையவைதான், உள்ளே இருப்பது வேறு. உறைக்கு எடுக்கும் அளவு துளியிலும் துளியாகிப்போனால், குறைவாக இருந்த வகை அந்தத் துளியில் விழாமலே போய்விடலாம்.

பயிர் ரகமும் இப்படித்தான் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு பட்டத்திலும், அதாவது ஒவ்வொரு சாகுபடிப் பருவத்திலும், புதிதாக விளைந்து, அடுத்ததற்கு உறையாக ஒரு பங்கு போனால்தான் அது தொடரும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் பெயர் மட்டும் மிஞ்சும்.

இனிச் சில சொற்கள். உயரம், பூக்கும் நாள், உமியின் நிறம், மணம் போன்றவற்றை நிர்ணயிக்கும் குறிப்பு, செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ வடிவில் இருக்கிறது. அதில் ஒரு வேலைக்கான பகுதிதான் மரபணு. ஒரே மரபணு செடிக்குச் செடி சற்று மாறி இருக்கலாம். உமியைக் கறுப்பாக்கும் வடிவம் ஒன்று, வெள்ளையாக விடும் வடிவம் ஒன்று என்று இருக்கும். ஒவ்வொரு செடியிலும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கும்.

நாட்டு ரகம் என்பது ஒரு வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக உழவர்கள் விதை எடுத்து விதைத்து வந்த ஒரு செடிக் கூட்டம். 'கூட்டம்' என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதிலுள்ள செடிகள் ஒன்றுக்கொன்று உறவு, ஆனால் அச்சு அசல் ஒன்றல்ல. ஒரு செடி நாலு நாள் முன்னே பூக்கும், இன்னொன்று வெள்ளத்தில் ஒரு விரற்கடை கூடுதலாகத் தாங்கும். மழை பொய்த்த வருடமோ வெள்ளம் வந்த வருடமோ, ஏதாவது ஒரு பகுதி பிழைத்து விளையும். அந்தக் காலத்துக் காப்பீடு அதுதான்.

ஆராய்ச்சி நிலையங்கள் இதற்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்தன. உழவர்களின் கூட்டத்திலிருந்து சிறந்த ஒற்றைச் செடியைத் தேர்ந்து, அதன் வாரிசுகளை மட்டும் பெருக்கின. 1912-இல் தொடங்கிய கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தொடக்க கால ரகங்கள் பல இப்படி வந்தவைதான். வயல் முழுக்க ஒரே உயரம், ஒரே நாளில் கதிர் என்ற சீர்மை அந்த முறை கொடுத்தது. அதையே அளவுகோலாக வைத்து நாட்டு ரகத்தைப் பார்த்து "கலந்துபோச்சு" என்று சொல்வது, அதன் இயல்பையே குறையாகச் சொல்வதாகும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ரகம் என்பது பெயரோ ஒற்றை விதையோ அல்ல. சில மரபணு வடிவங்களை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சுமந்து வரும் ஓர் உயிர்க் கூட்டம் அது.

பூவுக்குள் நடப்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

எந்தப் பயிரைக் காப்பாற்றப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது, அதன் பூ யாரோடு சேர்கிறது என்பதைத்தான். அதைப் பொறுத்து வழிமுறை தலைகீழாக மாறிவிடும்.

நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். அதாவது ஒரு பூவின் மகரந்தம் அதே பூவின் சூலகத்தில் விழுந்து விதையாகிறது. முற்பகலில் உமி சற்றே திறந்து, கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். அதற்குள் காரியம் முடிந்திருக்கும். நெல்லின் மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடங்கள்தான். அதனால் பக்கத்து வயல் நெல்லோடு சேர்வது மிக அரிது, பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. விதைச் சான்று விதிகளில் நெல்லுக்கு 3 மீட்டர் இடைவெளி போதும் என்று வைத்திருப்பது இதனால்தான்.

பரங்கி, சுரை, பீர்க்கு வகையறா வேறு மாதிரி. இவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீயோ வண்டோ மகரந்தம் கொண்டுவந்தால்தான் காய் பிடிக்கும். இது அயல் மகரந்தச் சேர்க்கை. அடுத்த தெருவில் வேறு பரங்கி ரகம் பூத்திருந்தால், உங்கள் கொடியில் காய்க்கும் காய் பழைய மாதிரியே இருக்கும், உள்ளே இருக்கும் விதைக்கு மட்டும் அப்பன் வேறு. அந்த உண்மை அடுத்த வருடம்தான் தெரியவரும். கத்தரி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தனக்குள்ளேயே சேரக்கூடிய பூதான், ஆனாலும் தேனீ அடிக்கடி குறுக்கே வந்துவிடும். கத்தரி விதை உற்பத்திக்கு 100 முதல் 200 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? கையால் சேர்த்துவிடலாம். மறுநாள் காலை விரியப்போகும் பரங்கி மொட்டுகளை முந்தின நாள் மாலையே கண்டுபிடித்துவிட முடியும், நுனியில் மஞ்சள் ஏறியிருக்கும். ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டின் வாயையும் நூலால் கட்டிவிடுங்கள். காலை 8 மணிக்குள் வேறொரு கொடியின் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் தேய்த்து, மறுபடி கட்டி, காம்பில் வண்ண நூல் ஒன்றை அடையாளமாகச் சுற்றுங்கள். கட்டாமல் விட்டால் அரைமணியில் தேனீ வந்து உங்கள் வேலையைக் கெடுத்துவிடும். கத்தரிக்கு இன்னும் எளிது: மொட்டு விரியும் முன் மெல்லிய வலைத்துணிப் பை மாட்டி, பிஞ்சு பிடித்ததும் எடுத்துவிட்டு அடையாளம் கட்டினால் போதும். விதைக்கான காய் செடியிலேயே மஞ்சளாகிப் பழுக்க வேண்டும். குழம்புக்குப் பறிக்கும் பக்குவத்தில் எடுத்த விதை முளைக்காது.

மூன்றாவது கூட்டம் பலா, மா, முந்திரி. இவையும் அயல் மகரந்தம்தான், கூடவே மரத்துக்கு ஆயுள் அதிகம். பலாக்கொட்டை போட்டு முளைத்த மரம் தாய் மரத்தின் பிள்ளைதானே தவிர தாயே அல்ல. பண்ருட்டிப் பலா என்று நாம் சொல்வதும் ஒற்றை ரகம் இல்லை. கொட்டை போட்டு வளர்ந்த மரங்கள், தோப்புக்குத் தோப்பு சுளையின் நிறமும் நாரும் இனிப்பும் மாறும். அவற்றில் ஒரு நல்ல மரத்தை அப்படியே தொடர வேண்டுமானால் ஒட்டுக் கட்டத்தான் வேண்டும். பண்ருட்டிக்கு அருகிலுள்ள பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றிலிருந்து பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் 'பாலூர் 1' பலாவைத் தேர்ந்தெடுத்தது அந்த வழியில்தான்.

இங்கே ஒரு கிளைக்கதை. மேலைநாடுகளில் 1970-களின் கஞ்சா ரகங்கள் மீது இதே போன்ற ஏக்கம் ஒன்று நிலவுகிறது. 'அகபுல்கோ கோல்டு', 'பனாமா ரெட்' என ஊர்ப் பெயரோடு புகழ்பெற்றவை அவை. கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி, மகரந்தம் காற்றில் போகும். ஆக ஒவ்வொரு விதையும் ஒரு புதுச் சேர்க்கை. நல்ல செடி அமைந்தால் கிளையை நறுக்கி வேர்விட வைத்துப் பெருக்குவார்கள், அந்தக் கிளைவழிச் செடிகள் செத்தால் அந்தச் சேர்க்கையும் போயிற்று. இன்று அதே பெயரில் விற்கும் விதைக்கும் அன்றைய செடிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அனுமதியின்றிக் கஞ்சா பயிரிடுவது குற்றம் என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. ஆனால் அதன் தாவரவியல் பாடம் நம் பரங்கிக்கும் பலாவுக்கும் அப்படியே பொருந்தும்.

"ஒட்டு" பற்றிய பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒட்டுக் கட்டுவது ஒரு மரத்தின் கிளையை இன்னொரு வேரில் பொருத்துவது, மரபணு எதுவும் மாறாது. வீரிய ஒட்டு என்பது இரண்டு வேறு வம்சங்களைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை விதை. மரபணு மாற்றம் என்பது ஆய்வுக்கூடத்தில் மரபணுவை நுழைப்பது. மூன்றும் மூன்று வேறு வேலைகள். வீரிய ஒட்டு விதையில் விளைந்ததை எடுத்து மறுபடி விதைத்தால் குணங்கள் பிரிந்து ஆளுக்கொரு மாதிரி செடி வரும். பழைய ரகம் என்று நம்பி வாங்கியது இரண்டாம் வருடம் சிதறிப்போனால், அதன் மூலத்தில் இப்படியொரு சேர்க்கை நடந்திருக்கலாம்.

சுருக்கமாக: நெல்லுக்கு விதையே ரகத்தைச் சுமக்கும். பரங்கிக்குப் பூவைக் காவல் காத்தால்தான் விதை சுமக்கும். பலாவுக்கு விதை சுமக்காது, கிளைதான் சுமக்கும்.

ரகம் கரைந்துபோகும் இரண்டு வழிகள்

முதல் வழி, எண்ணிக்கை குறைவு. ஒரு நாட்டு நெல் கூட்டத்தில் நூற்றுக்கு 5 செடிகளில் மட்டும், வெள்ளம் தாங்கும் ஒரு மரபணு வடிவம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் 10 செடிகளிலிருந்து மட்டும் விதை எடுத்தால், அந்த வடிவம் ஒன்றில்கூட இல்லாமல் போவதற்கான வாய்ப்பு 60 விழுக்காடு. 20 செடி என்றால் 36. 60 செடிகளில் எடுத்தால் 5-க்கும் கீழே இறங்கிவிடும். 0.95-ஐ எத்தனை செடியோ அத்தனை முறை பெருக்கினால் வரும் சாதாரணக் கணக்குதான் இது. மொட்டை மாடித் தொட்டியில் நாலு தூர் வளர்த்து "ரகத்தைக் காப்பாற்றுகிறேன்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயரும் தோற்றமும் பிழைக்கும், உள்ளே இருந்த அகலம் போய்விடும். பரங்கி போன்றவற்றில் நிலைமை இன்னும் மோசம். சில கொடிகளுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தால் சில தலைமுறைகளில் கொடி நலிந்து காய்ப்புக் குறையலாம்.

இரண்டாம் வழி, கலப்பு. நெல்லில் கலப்பு பூவில் நடப்பதைவிட வயலிலும் களத்திலும் நடப்பதே அதிகம். போன பட்டத்தில் உதிர்ந்த நெல் தானே முளைத்து நடவோடு சேர்ந்து நிற்கும். வாடகை அறுவடை மிஷினின் வயிற்றுக்குள் முந்தின வயலின் நெல் கிடக்கும், உங்கள் வயலில் கொட்டும் முதல் மூட்டையில் அது வந்து சேரும். சாக்கின் தையலில் ஐந்தாறு மணி ஒட்டியிருந்தாலே போதும். ஒரு நெல்லிலிருந்து ஒரே பட்டத்தில் சில நூறு மணிகள் வரும் என்பதால், இந்த வருடத்தின் ஐந்து மணி மறு வருடம் ஆயிரத்தைத் தாண்டலாம். அந்தத் திருவிழா நெல்லுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான்.

கலவன் எடுப்பதில் எங்கே நிறுத்துவது

வயலில் நிற்கும் வேற்று ரகச் செடிகளைக் கலவன் என்பார்கள். அவற்றைப் பிடுங்குவது அவசியம். ஆனால் நல்லெண்ணத்தோடு மிக அதிகமாகக் கெடுதல் நடக்கும் இடமும் இதுவே. சீராக இல்லாத எல்லாவற்றையும் பிடுங்கி, பெரிய கதிர்களை மட்டும் விதைக்கு எடுத்தால், ஐந்தாறு வருடத்தில் நாட்டு ரகம் ஓர் ஒற்றை வம்சமாகச் சுருங்கிவிடும். ஆராய்ச்சி நிலையம் தெரிந்தே செய்ததை நாம் தெரியாமல் செய்திருப்போம்.

பிரித்தறிய ஒரு நடைமுறை உண்டு. கலவன் பொதுவாக ஒரே நேரத்தில் பல குணங்களில் விலகி நிற்கும். ஓர் அடி குட்டையாக இருக்கும், கூடவே இரண்டு வாரம் முன்னே கதிர் தள்ளும், உமியின் நிறமும் வேறாக இருக்கும். அதைத் தயங்காமல் பிடுங்குங்கள். ஒரே ஒரு குணத்தில் சிறிது விலகும் செடி, ரகத்துக்குள்ளேயே இருக்கும் வேறுபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தக் கதிரைத் தனியே அறுத்து மறு பட்டம் ஓரமாக ஒரு வரிசை நட்டுப் பாருங்கள். பிடுங்கியதைத் திருப்பி நட முடியாது.

வயலில் இறங்க மூன்று தருணங்கள் போதும். தூர் கட்டும்போது தண்டின் அடியைப் பாருங்கள், ஊதா நிறமா பச்சையா என்பது அங்கேதான் தெரியும். கதிர் தள்ளும்போது உயரத்தையும் நாளையும், மீசை (மணியின் நுனியில் நீளும் முள் போன்ற இழை) இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முற்றும்போது உமியின் நிறத்தையும் மணியின் வடிவத்தையும் பாருங்கள். இந்த மூன்றையும் முதல் வருடமே ஒரு நோட்டில் எழுதிவைக்காவிட்டால், எது ரகம் எது கலவன் என்று மூன்றாம் வருடம் யாருக்கும் தெரியாது.

ஒரு சென்ட்டில் ஒரு ரகம்

ஒரு நெல் ரகத்தைக் காக்க ஏக்கர் தேவையில்லை. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஒற்றை நாற்றாக 25 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 16 செடி, மொத்தம் 640 செடி. மேலே சொன்ன கணக்குக்கு இது தாராளம். மோட்டா நெல் 1000 மணி ஏறக்குறைய 25 கிராம் இருக்கும் என்பதால், முளைக்காததற்கும் நாற்றுச் சேதத்துக்கும் சேர்த்து 50 கிராம் விதை போதும். ஒற்றை நாற்று நடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு குத்து என்பது ஒரே செடி, அதனால் கலவன் உடனே கண்ணில் படும். நாலைந்து நாற்றைச் சேர்த்து நட்டால் அது கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும்.

நடவுக்கு முன் தண்ணீர் கட்டி, உதிர்ந்து கிடக்கும் பழைய நெல்லை முளைக்கவிட்டு, உழுது மடக்குங்கள். இதை இரண்டு முறை செய்தால் நல்லது. பட்டத்தை மாற்றாதீர்கள். சம்பாப் பட்டத்து நாட்டு ரகங்கள் பல, பகல் பொழுது குறையும் காலத்தில்தான் கதிர் தள்ளும். அவற்றைச் சித்திரையில் விதைத்தால் ஆளுயரத்துக்கு வளர்ந்துகொண்டே போகுமே தவிரக் கதிரைக் காணோம். விதை கெட்டுவிட்டது என்று பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டவர்களும் உண்டு. பூங்கார் மாதிரிக் குறுகிய கால நெல்லுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை.

அறுக்கும்போது ஓர வரிசைகளை விட்டுவிட்டு நடுவில் கையால் அறுங்கள். தார்ப்பாயை உதறி விரித்து அடியுங்கள். எல்லாச் செடியிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு கதிர் எடுப்பதுதான் கூட்டத்தின் விகிதத்தைக் காக்கும். கொழுத்த செடியிலிருந்து மட்டும் அள்ளாதீர்கள்.

முளைப்பு பார்க்க 100 மணியை எண்ணி, ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, துணி காயாமல் 14 நாள் பாருங்கள். 80-க்கு மேல் முளைத்தால் விதைத் தரம். ஆனால் அறுத்த கையோடு பார்க்காதீர்கள். பழைய ரகங்கள் பலவற்றுக்கு அறுவடைக்குப் பிறகு சில வாரம் உறக்கநிலை உண்டு, உயிர் இருந்தும் முளைக்காது. மழைக்காலத்தில் கதிரிலேயே முளைத்துவிடாமல் காப்பது அந்தக் குணம்தான்.

கடலோரக் காற்று செய்யும் வேலை

விதையின் ஆயுளைத் தீர்மானிப்பவை இரண்டு: ஈரம், வெப்பம். ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதைத் துறையின் தோராயக் கணக்கு. அதன்படி 14 விழுக்காட்டில் இருக்கும் நெல்லை 10-க்கு இறக்கினால் ஆயுள் 16 மடங்கு.

நம் கடற்கரைப் பகுதியில் தொல்லை எங்கே வருகிறது என்றால், நெல்லை 12 வரை காயவைத்துச் சாக்கில் கட்டினாலும் அது அங்கேயே நிற்பதில்லை. காற்றின் ஈரம் 75 விழுக்காடு இருந்தால், திறந்த சாக்கில் உள்ள நெல் மெல்ல ஈரம் இழுத்து 13, 14-க்குப் போய் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் ஏறும். வேப்பிலை, நொச்சி போட்டு வைப்பது பூச்சிக்கு நல்லது, ஈரத்துக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. பச்சை இலையாகப் போட்டால் அதுவே ஈரம் கொடுக்கும்.

அதனால் காற்றுப் புகாத கொள்கலன்தான் வழி. காலையிலும் மூன்று மணிக்கு மேலும் வெயிலில் காயவையுங்கள், உச்சி வெயிலைத் தவிருங்கள். பிறகு ஒரு சோதனை: கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் நெல்லும் நன்றாக வறுத்து ஆறிய உப்பும் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்புக் கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல், இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டால் 15-க்குக் கீழ் என்று மட்டுமே பொருள். அதற்கும் கீழே இறக்க, விதையின் எடைக்குச் சமமான சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி, விதையோடு மூடிய டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். நீல நிற மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும், அதைச் சமையல் வாணலியில் வறுக்க வேண்டாம்.

காய்ந்த விதையை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த விதையின் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்து, அத்தனை வேலையும் வீணாகும். அரை நாள் மூடியபடியே வெளியில் வைத்த பிறகு திறங்கள்.

மரபணு வங்கிகள் செய்வதும் இதையேதான், இன்னும் கடுமையாக. விதையை 3 முதல் 7 விழுக்காடு ஈரத்துக்கு இறக்கி, மைனஸ் 18 டிகிரியில் வைப்பார்கள். டெல்லியில் தேசிய மரபணு வங்கி இருக்கிறது, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ராமையா மரபணு வங்கி இருக்கிறது, பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான நெல் மாதிரிகள் இருக்கின்றன. பலாக்கொட்டையை மட்டும் இப்படி வைக்க முடியாது. காயவைத்தால் செத்துவிடும், ஈரமாக வைத்தாலும் சில வாரங்களே தாங்கும்.

பலாவுக்குக் கிளைதான் கருவூலம்

கொட்டையை எடுத்த சில நாளிலேயே பையில் ஊன்றி, சுமார் இரண்டு மாதக் கன்று ஆனதும் அதை வேர்ச்செடியாக வைத்துக்கொள்வார்கள். தாய் மரத்தில் பென்சில் பருமனுள்ள கிளை நுனியைத் தேர்ந்து, ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலைகளைக் காம்பு விட்டுக் கிள்ளிவிட வேண்டும். மொட்டு உப்பி வரும்போது வெட்டி, 4 முதல் 5 செ.மீ. ஆப்பு வடிவில் இருபுறமும் சீவி, வேர்ச்செடியின் நடுவில் பிளந்த பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுகிறார்கள். மேலே ஒரு பாலித்தீன் குல்லாய் மாட்டினால் நுனி வாடாது. மூன்று நான்கு வாரத்தில் துளிர்க்கும்.

தவறுவது எங்கே? இரண்டின் பருமன் ஒத்துப்போகாவிட்டால், பட்டைக்கு உள்ளே வளரும் பச்சை அடுக்குகள் ஒன்றையொன்று தொடாது. அப்படியானால் ஒரு பக்கமாவது ஒத்து நிற்கும்படி ஓரமாகத் தள்ளிச் செருக வேண்டும். பலாவில் பால் வழிவது இன்னொரு தொல்லை, துடைத்துவிட்டுச் செருகாவிட்டால் ஒட்டாது. மூன்றாவது தவறு நர்சரியிலேயே தெரியாது. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி தன் சொந்தத் துளிரை விடும். அதைக் கிள்ளாமல் விட்டால் அதுவே மேலோங்கி, மேலே உள்ளது காய்ந்துவிடும். பெயர்ப்பலகையில் 'பாலூர் 1' என்றிருக்கும், காய்ப்பது யாரோ பெயர் தெரியாத கொட்டை மரம்.

ஒட்டு மரங்கள் எல்லாம் ஒரே தாயின் நகல் என்பதால், ஒரே இடத்தில் வைத்தால் ஒரே அடியில் போகவும் கூடும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டி வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அதில் விழுந்த கொட்டை மரங்கள் ஒவ்வொன்றும் உலகில் வேறெங்கும் நகல் இல்லாத சேர்க்கை. கிளையெடுத்து வேறு ஊரில் ஒட்டுக் கட்டி வைக்காதவை அன்றோடு முடிந்தன.

தொலைந்தது திரும்புமா?

ஒரு ரகம் வயலில் இல்லை என்பதாலேயே அது அழிந்துவிடவில்லை. ஏதாவது ஒரு வீட்டுக் குதிரிலோ மரபணு வங்கியிலோ உயிருள்ள விதை இருந்தால் மீட்கலாம். நெல் ஜெயராமன் இப்படி ஊர் ஊராகத் தேடி 174 நெல் ரகங்களைச் சேர்த்தார். விதையே எங்கும் இல்லையென்றால் அதன் வாரிசுகளில் துண்டு துண்டாகத்தான் மரபணு மிஞ்சியிருக்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜிஇபி 24. 1921-இல் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்த நெல் இது, மக்கள் வாயில் கிச்சிலிச் சம்பா என்றே வழங்குகிறது. ஆக "பாரம்பரிய ரகம்" என்று நாம் வாங்குவதே ஓர் ஆராய்ச்சி நிலைய வெளியீடாக இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதைத் தந்தையாக வைத்து டிகேஎம் 6 என்ற நெல் வந்தது, அந்த டிகேஎம் 6 ஒரு பெற்றோராக ஐஆர் 20 வந்தது. இன்னொரு கிளையில் பிபிடி 5204 வந்தது, கடையில் பொன்னி வரிசையில் நிற்கும் சன்ன அரிசிகளில் அதுவும் உண்டு. சேர்க்கைக் கணக்குப்படி இந்த இரண்டிலுமே ஜிஇபி 24-இன் பங்கு கால் பாகம். ஆனால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிபிடி 5204-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஜிஇபி 24-ஐத் திரும்பக் கட்டமுடியாது. முக்கால் பாகம் அதில் இல்லவே இல்லை. ருசியிலும் தோற்றத்திலும் பழையதைப் போல ஒன்றை உருவாக்கலாம், அதற்குப் புதுப்பெயர் வைப்பதுதான் நேர்மை.

உலர்ந்த மாதிரியிலிருந்து மீட்க முடியாதா என்று கேட்பார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் அழுத்தி உலர்த்திய தாவரங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட தாள்கள் ஒரு செடியை அடையாளம் காண உதவும், டிஎன்ஏ எடுத்து ஒப்பிடவும் உதவக்கூடும், ஆனால் அவை முளைக்காது. இஸ்ரேலில் மசாடா கோட்டையில் கிடைத்த சுமார் 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சை விதை 2005-இல் முளைத்தது உண்மைதான். அது சாக்கடல் ஓரத்து வறண்ட காற்று செய்த வேலை. பாகூரிலோ புவனகிரியிலோ பரணில் கிடக்கும் பானை நெல்லிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

உயிருள்ள விதை கைக்கு வந்துவிட்டால் அதை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடந்த நெல் திருவிழாவில், 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் ரகம் பல ஊர் வயல்களில் ஒரே நேரத்தில் இருக்கும், ஓர் ஊரில் வெள்ளம் கொண்டுபோனாலும் இன்னோர் ஊரில் நிற்கும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் உழவர்கள் விதையைச் சேமிக்கவும் பகிரவும், வணிக முத்திரையில்லாமல் விற்கவும் உரிமை தருகிறது, ஆகையால் பகிர்வதில் தயக்கம் வேண்டாம்.

கொடுக்கும்போது பொட்டலத்துக்கு உள்ளே ஒரு சீட்டு போடுங்கள், வெளியே எழுதினால் அழிந்துவிடும். பென்சிலால் எழுதினால் ஈரம் பட்டாலும் மை மாதிரிக் கரையாது. ரகத்தின் பெயர், எந்த ஊரில் யாரிடமிருந்து வந்தது, விதைத்த மாதம், அறுத்த மாதம், எத்தனை செடியிலிருந்து எடுத்தது, உயரம், உமி நிறம், மீசை உண்டா இல்லையா, முளைப்புச் சோதனையில் நூற்றுக்கு எத்தனை என்று எழுதுங்கள். பெயரில் சந்தேகம் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள், வாங்குகிறவர் அடித்துத் திருத்திக்கொள்ள இடம் விட்டு.